இடப்பக்கத்துக் குரல்

யோகோஹாமாவில் கமிஓஓகா என்றொரு ரயில் நிலையம். கெய்க்யூ வண்டி உள்ளே நுழையும்போது ஒரு பாட்டின் மெட்டு சில நொடிகள் ஒலித்து அடங்கும். மெட்டு மட்டும்தான், குரல் கிடையாது. 1998-இல் வந்த 'நட்சுஇரோ' என்ற பாட்டு அது. பாடியவர்கள் 'யுஸு' என்ற இரட்டையர், கிதகவா யூஜினும் இவசவா கோஜியும். நம்மூர் நாரத்தைக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லத்தக்க ஒரு பழத்தின் பெயரைத் தங்களுக்கு வைத்துக்கொண்டவர்கள். இருவரும் இந்த ஊர்ப் பிள்ளைகள், சிறு வயதுக் கூட்டாளிகள். 1990-களின் நடுவில், இசேசாகிச்சோ கடைத்தெருவில் மட்சுசகாயா என்ற பெரிய கடையின் முன்னால் ராத்திரி நேரத்தில் கிதாரோடு உட்கார்ந்து பாடத் தொடங்கினார்கள். சொந்தப் பாட்டு, சொந்த மெட்டு. 1998 ஆகஸ்ட் 30 அன்று அந்தத் தெருவில் அவர்கள் கடைசியாகப் பாடியபோது கொட்டும் மழையில் ஏறத்தாழ 7,500 பேர் கூடினார்களாம். அதற்கப்புறம் பெரிய பெரிய அரங்குகள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ் ஒளிபரப்புக்கு என்.எச்.கே. எடுத்துக்கொண்டது இவர்கள் பாட்டைத்தான். கடை 2008-இல் மூடிவிட்டது. ஆனால் பாட்டு நின்றுவிடவில்லை.

இங்கே ஜப்பானில் என் அலுவலகத் தோழர் இதையெல்லாம் சொல்லி, அவர்கள் பாட்டையும் கேட்கத் தந்தார். பாட்டின் பொருள் எனக்குப் பாதிதான் புரிந்தது. காது போனது வேறொரு இடத்துக்கு. ஒருவர் முன்னால் நின்று சொல்லிக்கொண்டு போகிறார். இன்னொருவர் சற்று மேலே, பக்கவாட்டில் வந்து சேர்ந்துகொள்கிறார். அந்த இரண்டாவது குரல் வந்த கணத்தில், ஏழாயிரத்தைந்நூறு பேர் கூட்டமோ கிதாரோ இல்லை, சேரன்மாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில் கன்னடியன் கால்வாய்க் கரையில் ஒரு பந்தல், அதில் மூங்கிலில் கட்டிய ட்யூப்லைட், அதைச் சுற்றும் ஈசல், எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

ஊரைவிட்டு வந்தவர்கள் பலரும் எதை இழந்தோம் என்று கேட்டால் சட்டென்று ஒரு பட்டியல் சொல்வார்கள். அல்வா, ஆறு, அம்மா. நானும் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் ராத்திரி விளக்கை அணைத்துப் படுத்தபிறகு எது இல்லை என்று தெரிகிறதே, அது இந்தப் பட்டியலில் இருப்பதில்லை. எனக்கு இல்லாமல் போனது வில்லுப்பாட்டில் அண்ணாவிக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த ஒருவரின் குரல்.

வில்லுப்பாட்டை அறியாத திருநெல்வேலிக்காரர் இருக்க முடியாது. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஆள் உயரத்தைவிட நீளமான வில். பனை வைரத்தில் செய்தது, தோல் நாண் பூட்டியது, வளைவு நெடுக வெண்கல மணிகள் தொங்குவது. வில்லின் நடுவை மண்குடத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். கதை பாடும் தலைவரான அண்ணாவி கையில் வீசுகோல், அதிலும் மணி. கூட உடுக்கை, கட்டை, ஜால்ரா. குழு இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கும். வலப்பக்கம் கதை சொல்கிறவர், இடப்பக்கம் அதை வாங்கிக்கொள்கிறவர். இந்த வாங்கிக்கொள்கிறவருக்கு எந்த நோட்டீசிலும் பெயர் போட்டு நான் பார்த்ததில்லை. அண்ணாவி பெயரைப் போட்டு 'குழுவினர்' என்று முடித்துவிடுவார்கள். அந்தக் 'குழுவின'ருக்குள் அவர் அடங்கிப் போவார்.

எங்கள் ஊர் இசக்கியம்மனுக்குச் சித்திரையில் கொடை விழா. பிசானம் அறுத்து முடித்து, கார் நடவுக்குக் கால்வாயில் தண்ணீர் வருவதற்கு முந்தின இடைவெளி அது. வயல் வெடித்துக் கிடக்கும், கையில் கொஞ்சம் காசு இருக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும். திங்கள் ராத்திரி குடியழைப்பு, செவ்வாய் மத்தியானக் கொடை, அன்று ராத்திரி சாமக்கொடை. வில்லு மூன்றுக்கும் உண்டு. ஆனால் சாமக்கொடை வில்லுதான் வில்லு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நேரத்துக்குப் பிள்ளைகள் பாதிப்பேர் மணலில் விழுந்து தூங்கியிருப்போம். ஒருத்தன் கால் இன்னொருத்தன் வயிற்றில் கிடக்கும். சுக்குக் காப்பித் தூக்குவாளி பெரியவர்கள் பக்கம் கைமாறிக்கொண்டிருக்கும். நையாண்டி மேளக்காரர்கள் மேளத்துக்கே தலை வைத்துக் கண்ணயர்ந்திருப்பார்கள்.

எங்கள் ஊருக்கு வருஷா வருஷம் வந்த அண்ணாவிக்கும் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து குடம் அடித்தவருக்கும் உறவு முறை மச்சான், மைத்துனன். குடக்காரரை நாங்கள் 'குடத்து மாமா' என்போம். இருவருக்கும் எங்கள் ஊர்க்கதை போலவே ஒரு வரப்புத் தகராறு. வரப்பை யார் வெட்டியது என்பது கடைசிவரை தீரவில்லை. ஒரே வண்டியில் வருவார்கள், ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள், ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். வெற்றிலைச் செல்லத்தைக்கூட மூன்றாம் ஆள் கைவழியாகத்தான் நகர்த்துவார்கள். என் தாத்தா ஒருதடவை கேட்டே விட்டார். "என்னவே, ரெண்டுபேரும் பேசவே மாட்டியளா?" அதற்கு மாமா குடத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ராத்திரி பூரா பேசத்தான போறோம் அண்ணாச்சி."

ஆமாம், ராத்திரி பூராவும் பேசினார்கள்.

குடத்தை அவர் காருகுறிச்சிச் சூளையில் தானே போய் எடுத்துவருவார். நாகசுரத்துக்கு அருணாசலத்தைத் தந்த ஊர் அது. மண்பாண்டத்துக்கும் பேர் பெற்றது. ஒரே ஊர் காற்றுக் கருவிக்கு ஒரு மகாவித்துவானையும் தாளத்துக்கு மண்ணையும் தந்திருக்கிறது என்பது எனக்கு இன்றுவரை தீராத பெருமை. மாமா வரிசையாக அடுக்கிய குடங்களை விரல் கணுவால் சுண்டிக்கொண்டே நடப்பார். குயவர் பொறுமையாகப் பின்னால் வருவார். ஒன்றில் நிற்பார். மறுபடி சுண்டுவார். அடியில், இடுப்பில், கழுத்தோரத்தில். பிறகு காதைக் குடத்தின் வாயருகே வைத்து உள்ளே "ம்" என்று ஒரு ஒலி விட்டுப் பார்ப்பார். குடம் அந்த ஒலியைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து திருப்பித் தர வேண்டும். உடனே தந்தாலும் ஆகாது, விழுங்கிவிட்டாலும் ஆகாது. "இது பேசும்" என்பார். காசு கைமாறும்.

பந்தலில் வைக்கோல் பிரிமணைமேல் குடத்தை வைத்து, ஒரு கையில் கமுகம்பாளையில் செய்த மட்டை, இன்னொரு கையில் ஒரு பழைய காசு. மட்டை குடத்தின் வாயில் விழும்போது வருவது அடிவயிற்று ஒலி. காசு அதன் பக்கத்தில் தட்டும்போது வருவது சின்னப் பிள்ளையின் சிரிப்பு. இரண்டுக்கும் நடுவில், அண்ணாவி மூச்சு விடும் இடத்தில் அவர் குரல் வரும்.

நீலி கதையைத்தான் இசக்கிக்குப் பாடுவார்கள். செட்டி தனியாகக் காட்டு வழியில் போகிறான். கள்ளிக்கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நீலி பின்னால் வருகிறாள். எல்லோருக்கும் தெரிந்த கதை. முடிவும் தெரியும். ஆனாலும்,

"திரும்பிப் பாத்தான்" என்பார் அண்ணாவி.

"பாத்தான்."

"யாரும் இல்ல."

"இல்லியா?"

"இல்லன்னு நெனச்சான்."

"ஆங்…"

அந்த "ஆங்"கில்தான் எங்கள் ஊரே பயந்தது. அண்ணாவி அதுவரை வெறும் சேதிதான் சொல்லியிருந்தார். அதை அச்சமாக்கியது இடப்பக்கம். வெறும் "ஆமா" என்பதையே அவர் எத்தனை விதமாகச் சொல்வார் என்று எண்ணி முடியாது. தூக்கக் கலக்கத்தில் ஒன்று, சந்தேகத்தில் இழுத்து ஒன்று, 'எனக்குத் தெரியும், நீ சொல்லு' என்று ஒன்று, நெஞ்சு அடைத்து வார்த்தை பாதியில் நிற்கிற ஒன்று. செட்டி செத்துவிழும் இடத்தில் அவர் எதுவுமே சொல்ல மாட்டார். மட்டையைக் குடத்தின் வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார். அண்ணாவி அந்தச் சும்மா முடியும்வரை காத்திருப்பார். பகலில் பேசாத இரண்டு பேர் ராத்திரியில் அப்படி ஒருவர் மௌனத்துக்கு ஒருவர் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி கேட்கிற உரிமையும் அவருக்கு உண்டு. முத்துப்பட்டன் கதை பாடிய ஒரு வருஷம். பாபநாசத்து மலைக்கு மேலே, சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாகக் கும்பிடப்படுகிறவன் அவன். நேர்த்திக்காக இன்றும் அங்கே செருப்பைக் காணிக்கை வைக்கிறார்கள். பிராமணனாகப் பிறந்து, வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டுவதற்காகக் குடுமியை அறுத்து, பூணூலை எறிந்து, செருப்புத் தைக்கக் கற்றவன். கல்யாண ராத்திரியே மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவன். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தபோது, பிற்காலத்தவர் அந்தப் பெண்களையும் பிராமணக் குழந்தைகளாக மாற்றிக் கதையின் முள்ளை ஒடித்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். எங்கள் அண்ணாவி பாடியதும் அந்த முள் ஒடித்த கதைதான். பெண்கள் காட்டில் கிடைத்த பிராமணப் பிள்ளைகள் என்று சொல்லி முடித்து மூச்சு வாங்கினார். குடத்து மாமா மட்டையை நிறுத்தினார். "அது தெரிஞ்சா கெட்டுனான்?" என்று கேட்டார். அண்ணாவி ஒரு நொடி திகைத்து, "தெரியாமத்தான் கெட்டுனான்" என்றார். "ஆமா," என்றார் மாமா, "தெரியாமத்தான் கெட்டுனான்." குடம் மறுபடி விழுந்தது. கூட்டத்தில் கடைசியில், தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு தெருவுக்காரர்கள் மத்தியில் ஒரு சலசலப்பு ஓடி நின்றது. எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. அந்தச் சலசலப்பு மட்டும் காதில் தங்கிவிட்டது. பின்னாளில் வானமாமலையைப் படித்தபோதுதான், ஒரு ஒற்றைக் கேள்வியால் மாமா அந்த முள்ளைத் திரும்ப நட்டுவைத்தார் என்பது விளங்கியது.

இந்த வில்லை உலகத்துக்குக் காட்டியவர் சுப்பு ஆறுமுகம். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் சத்திரம் புதுக்குளத்தில் 1928-இல் பிறந்தவர். ஒழுகினசேரியிலிருந்து போன கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இவர் திறமையைக் கண்டு சென்னைக்கு அழைத்துக்கொண்டார். காந்தியின் கதையை இவர் எழுத, கலைவாணர் வில்லில் பாடினார். 1957-இல் கலைவாணர் மறைந்தார். எழுதிக் கொடுத்தவரே வீசுகோலை ஏந்தி அரை நூற்றாண்டுக்கும் மேல் பாடினார். பாட்டும் அவருடையது, சொல்முறையும் அவருடையது. கோயில் வாசலில் விடிய விடிய நடந்ததை, மாலை ஆறரைக்குத் தொடங்கி எட்டுக்கு முடிகிற சபா மேடைக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் ஏற்றதாக ஆக்கினார். சுடலையும் இசக்கியும் இருந்த இடத்தில் காந்தியும் பாரதியும் வந்து உட்கார்ந்தார்கள். 2004-இல் சங்கீத நாடக அகாதெமி விருது, 2021-இல் பத்மஸ்ரீ. 'உத்தம வில்லன்' படத்தில் கமல்ஹாசன் வில்லுப்பாட்டைக் கொண்டுவந்தபோது அதற்கும் இவர்தான் துணை.

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இவர்மேல் ஒரு சின்னக் குறை இருந்தது. "சாமி எதுக்க இல்லாம வில்லா?" என்பார்கள். வானொலியில் இவர் குரல் வந்தால் மட்டும் எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் அந்தக் குறையோடு உடன்படுகிறவனில்லை. எதிரில் சாமி இல்லாமல் போனாலும், பக்கத்தில் ஆள் இல்லாமல் போகவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். அவர் பக்கத்தில் மகள் பாரதி திருமகன் உட்கார்ந்திருப்பார். அப்பா ஒரு வரியை எறிவார். மகள் அதை விழாமல் பிடித்துத் திருப்பி எறிவார். மேடை சின்னதானாலும், நேரம் சுருங்கினாலும், கதை காந்தியுடையதானாலும் அந்த எறிதலும் பிடித்தலும் எங்கள் மணல்திட்டில் நடந்ததேதான். வில் சென்னைக்குப் போனபோது இடப்பக்கத்தையும் கூட்டிக்கொண்டுதான் போயிருக்கிறது.

2022 அக்டோபர் 10 அன்று சுப்பு ஆறுமுகம் காலமானார். 94 வயது. செய்தியை நான் இங்கே ரயிலில் பார்த்தேன். வீட்டுக்கு வந்து பழைய ஒளிப்பதிவு ஒன்றைப் போட்டேன். கண் அவர்மேல் நிற்கவில்லை. அப்பா சொல்லச் சொல்ல மகளின் முகம் எப்படி முன்கூட்டியே மாறிக்கொண்டு வருகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து வரப்போகும் வரி அந்த முகத்தில் அரை நொடி முன்னால் வந்துவிடுகிறது. அப்படி ஒருவர் நம்மைத் தெரிந்து வைத்திருப்பது… சரி, விடுங்கள். அந்த மகள் இன்று வீசுகோலோடு நடுவில் உட்கார்ந்து பாடுகிறார். வில் ஓயவில்லை.

இரட்டையரைப் பற்றி நினைத்தால் தமிழனுக்கு விஸ்வநாதன்–ராமமூர்த்தியைத் தாண்ட முடியாது. 1965-இல் பிரிந்தார்கள். 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக மறுபடி சேர்ந்தபோது முப்பது வருஷம் ஓடியிருந்தது. நடுவில் விஸ்வநாதன் தனியாக எத்தனையோ அருமையான பாட்டுகள் போட்டார். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பெயரை உச்சரிக்கும்போது இரண்டு பெயருக்கும் நடுவிலுள்ள அந்தக் கோடு நம் நாக்கில் இன்னும் இருக்கிறது, பாருங்கள்.

வீட்டுக்குள் இருந்ததும் இதே ஏற்பாடுதான். ஆச்சி கதை சொல்லும்போது உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். "ஏல, தூங்கிட்டியா?" இல்லை என்று உம் கொட்டினால் மறுபடி நகரும். உம் சத்தம் குறையக் குறைய ஆச்சி குரலும் தாழ்ந்துகொண்டே வரும். நான் தூங்கிப்போன இடத்தில் கதை நிற்கும். அடுத்த நாள் அதே இடத்திலிருந்து தொடங்குவாள். எங்கே நின்றது என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பது அந்நாளில் எனக்குப் பெரிய அதிசயம். இன்று எனக்குத் தூக்கம் வராத இரவுகளுக்காகச் செயலி ஒன்று வைத்திருக்கிறேன். இனிமையான குரலில், நல்ல ஆங்கிலத்தில், மழைச் சத்தத்தோடு கதை சொல்கிறது. நான் தூங்கினாலும் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறது. காலையில் எழுந்து பார்த்தால் கதை முடிந்து ராத்திரியே நின்றிருக்கும்.

இங்கே மரியாதைக்குப் பஞ்சமே இல்லை. ஜப்பானியர்களிடம் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாம் நாலு வார்த்தை பேசுவதற்குள் எதிரில் இருப்பவர் இரண்டு தடவை தலையசைத்து ஒலி கொடுத்துவிடுவார். வந்த புதிதில் எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது! அடடா, உம் கொட்டுகிற ஊருக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தேன். போகப் போகத்தான், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கான அடையாளம் அது என்று புரிந்தது. நல்ல பழக்கம், குறை சொல்லவில்லை. ஆனால் "அது தெரிஞ்சா கெட்டுனான்?" என்று யாரும் கேட்பதில்லை. கதையை வழி மறிப்பதில்லை. என் வாக்கியத்தை யாரும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடுவதில்லை.

அலுவலகக் கூட்டங்கள் பெரும்பாலும் திரையில்தான். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் ஒலிவாங்கியை அணைத்துவிடுவது ஒழுங்கு. அணைக்காமல் நான் "ம்" என்றாலும், பின்னணி இரைச்சல் என்று மென்பொருளே அதை வடிகட்டிவிடும். நான் பேசும்போதும் அப்படியே. இருபது கட்டங்களில் இருபது முகங்கள், ஒரு சத்தமில்லை. பேசி முடித்துவிட்டு, கேட்கிறதா என்று கேட்பேன். கேட்கிறது என்று கட்டைவிரல் படம் ஒன்று மேலே மிதந்து போகும்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும். துபாயிலோ டொராண்டோவிலோ, ஏன், சென்னை வேளச்சேரியில் ஒன்பதாவது மாடியிலோ உட்கார்ந்து நீங்கள் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லி, சொன்னது சுவரில் பட்டுக் கீழே விழுந்ததைப் பார்த்திருப்பீர்கள். குழம்பு கொதிக்கும்போது "உப்பு சரியா இருக்கா" என்று தனியாகக் கேட்டுவிட்டு அடுப்பைத் தணித்திருப்பீர்கள்.

எங்கள் கொடை வில்லைச் சித்தப்பா மகன் ஒரு வருஷம் டேப்பில் பதிவுசெய்து வைத்திருந்தான். அதைப் பத்திரமாகக் கணினிக்கு மாற்றி அனுப்பினான். நல்ல ஹெட்போன் வாங்கினேன். விலையைச் சொன்னால் அம்மா ஏசுவாள். வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது. கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். அண்ணாவி அப்படியே இருக்கிறார். வீசுகோல் மணி, நாணின் அதிர்வு, அவர் தொண்டையைக் கனைப்பது, எல்லாம் இருக்கிறது. டேப்பை அவன் வைத்தது அண்ணாவிக்கு முன்னால். மாமாவின் குரல் தூரத்தில், கிணற்றுக்குள் யாரோ பேசுவதுபோல, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறது. "திரும்பிப் பாத்தான்." … "யாரும் இல்ல." … அந்த இடைவெளிகளில் ஒலியைக் கூட்டிப் பார்த்தேன். கூடியது இரைச்சல்தான். முதல் குரல்கள் எங்கேயும் பதிவாகிவிடுகின்றன. ஒலிவாங்கியை எப்போதும் அவர்கள் பக்கம்தான் வைக்கிறோம்.

மாமா இறந்து பல வருஷமாகிறது. அதற்கடுத்த சித்திரையில் அண்ணாவி வேறொரு பையனைக் குடத்துக்கு வைத்துக்கொண்டு வந்தாராம். நல்ல பையன், தாளம் பிசகாதவன். அம்மா போனில் சொன்னாள். "பாவம்ய்யா. சொல்லிட்டுச் சொல்லிட்டு இந்தப் பக்கம் திரும்பிப் பாக்காரு. அந்தப் பய 'ஆமா'ங்கான். இவரு இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருக்காரு. அப்புறந்தான் பாடுதாரு." மறு வருஷம் அவர் வரவில்லை. வரப்பை மாமாவின் மகனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டதாகக் கேள்வி.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வில்லுப்பாட்டு அழிந்துவிட்டது என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சேர்மானமில்லை. அழியவில்லை. தென்மாவட்டக் கொடைகளில் இன்று பெண்கள் வில்லிசைக் குழுக்கள் கொடிகட்டிப் பறக்கின்றன. கல்லூரியில் படித்துக்கொண்டே வீசுகோல் பிடிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். யூடியூபில் விடிய விடிய நேரலை ஓடுகிறது. அண்ணாவி பெயரைப் போல அந்தப் பெண்கள் பெயரும் கொட்டை எழுத்தில் நோட்டீசில் வருகிறது. நேரலையின் பக்கத்தில் சிங்கப்பூரிலிருந்தும் குவைத்திலிருந்தும் ஆட்கள் கும்பிடும் கைப்படம் போடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன். ஒருநாள் ராத்திரி இங்கே நேரலை பார்த்துக்கொண்டிருந்தபோது, கதை ஒரு திருப்பத்துக்கு வந்தது. என் வாயிலிருந்து "ஆங்" என்று சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். இங்கே சுவரெல்லாம் அட்டை.

கலை இருக்கிறது. போனது அந்த இரண்டு பேர், அதிலும் ஒருவர்.

இந்த வருஷக் கொடைக்குத் தலைக்கட்டு வரி கேட்டுச் சித்தப்பா மகன் நேற்றுப் பேசினான். பணத்தை ஜிபேயில் போட்டுவிட்டு, யார் வில்லு என்று கேட்டேன். கடையம் பக்கத்திலிருந்து ஒரு குழு, இரண்டு அக்கா தங்கச்சிகள், அக்கா பாடுவாள் என்றான்.

"தங்கச்சி?"

"அது குடம். அக்கா ஒண்ணு சொன்னா அது ஒம்போது கேக்குமாம். போன வருஷம் ரவணசமுத்திரத்துக் கொடையில அண்ணாவி அக்காவே சிரிச்சிட்டாளாம்."

நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திருக்கிறேன் போல. "ஹலோ, ஹலோ" என்றான். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

"இருக்கேன்ல" என்றேன். "டேப்பு வச்சா அந்தத் தங்கச்சி பக்கம் வையி. குடத்துக்கிட்ட."

"நீ வந்து வச்சுக்கோ" என்றான். "வாரியா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல."